சலாபக் கரையின் அழுகல் முற்றங்கள்
மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பு நடந்த காலங்களில், சலாபம் எனப்பட்ட அந்தப் பருவத்துக்காக வெறும் மணற்கரையில் ஓலைக்குடிசைகளாலான ஒரு தற்காலிக ஊர் எழுந்து சில வாரங்களில் மறைந்தது. அந்த ஊரின் கடுமையான கழிவு சிப்பியின் சதையே ஆகும். சிப்பிகளை ஒவ்வொன்றாகப் பிளந்தால் கடுகளவு முத்துகள் தவறிவிடும் என்பதால், ஏலத்தில் எடுத்தவர்கள் அவற்றை வேலியடைத்த முற்றங்களில் குவித்து, ஈக்களும் புழுக்களும் சதையைத் தின்று தீர்க்கும்வரை பல நாள் அழுகவிட்டு, பின்னர் கடல்நீரில் பலமுறை அலசி, அடியில் தங்கிய மண்டியிலிருந்து முத்துகளைப் பிரித்தெடுத்தனர். அலசிய நீரை உறிஞ்சியது மணல். நாற்றத்தைச் சுமந்தது காற்று. வளைகுடாவின் இலங்கைக் கரையிலுள்ள கொண்டச்சியில் நடந்த சலாபத்தை 1807-இல் வெளியான தம் நூலில் விவரித்த ஜேம்ஸ் கார்டினரும் இந்நாற்றத்தைக் குறிப்பிடுகிறார். கூட்டம் பெருகிய முகாம்களில் காலரா அச்சமும் நிலவியது. எனினும் அழுகல் முறையைக் கைவிட வணிகர் துணியவில்லை, இலாபக்கணக்கு அப்படி. தூத்துக்குடியில் 1955 முதல் 1961 வரை நடந்த குளிப்புகளுக்குப் பின் பெருஞ்சலாபம் எதுவும் கூடவில்லை.