செத்தலும் திலாப்பியாவும்

கடல்மீனை ஒதுக்கிவிட்டால் சம்மாந்துறைச் சமையலுக்கு மீன் இரண்டு பக்கத்திலிருந்து வருகிறது. தென்மேற்கே சேனாநாயக்க சமுத்திரம் என்னும் பாசனக் குளம். வடக்கே, கிட்டங்கிப் பக்கமாக ஒடுங்கும் மட்டக்களப்பு வாவி. குளத்து மீன் என்றால் திலாப்பியா, வாவி மீன் என்றால் செத்தல். முன்னதை வந்தான் வரத்தான் என்றும் பின்னதை மண்ணுக்குரியது என்றும் பிரிப்பது எளிது. ஒரே பலகையில் இரண்டையும் கிடத்திப் பார்த்தால் அந்தக் கோடு கோணலாகிறது.

கேரளத்தார் கரிமீன் என்று கொண்டாடும் செத்தல் வட்டத் தட்டையானது, உடலெங்கும் முத்துப் புள்ளி. திலாப்பியா நீண்டது, நிறம் மங்கியது. ஆனால் முதுகுச் செட்டையில் இரண்டுக்கும் விறைத்த முள்வரிசை. மீன் ஆய்பவரின் விரலை இரண்டும் ஒன்றுபோலவே கிழிக்கும். திருப்பிப் போட்டால் வித்தியாசம் தெரியும்: குதச் செட்டையில் திலாப்பியாவுக்கு மூன்றே முள், செத்தலுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று.

முதுகு முள்ளின் ஒற்றுமை தற்செயல் அன்று. இரண்டும் சிக்லிட் குடும்பத்தவை. திலாப்பியாவின் தாயகம் தென்கிழக்கு ஆபிரிக்கா. தென்னாசியாவுக்கு வெளியே செத்தலின் மிக நெருங்கிய சொந்தமோ மடகாஸ்கரில் இருக்கிறது. கோண்டுவானா நிலம் பிளந்தபோது பிரிந்த உறவு என்பர் சிலர். உவர்நீர் தாங்கும் மூதாதை கடலைக் கடந்தே வந்திருக்கலாம் என்பர் வேறு சிலர். உவர் தாங்கும் உடல் இரண்டுக்குமே உண்டு என்பதால் இரண்டாவது கூற்றையும் தள்ளிவிட முடியவில்லை.

பெயரிலும் ஒரு வேடிக்கை. திலாப்பியாவின் அறிவியற் பெயரில் மொசாம்பிக். நம்முடையது என்கிற செத்தலின் பெயரிலோ குஜராத்தின் சூரத்! பேச்சு வழக்கு இன்னும் தாராளமானது, ஆபிரிக்க மீனை யப்பான் மீன் என்றுவிடும்.

பிள்ளை வளர்ப்பில் இரண்டும் பொறுப்பானவை, முறைதான் வேறு. செத்தல் சோடியாகக் கல்லையோ கட்டையையோ துப்புரவாக்கி முட்டைகளை ஒட்டி, செட்டையால் விசிறிக் காக்கும். திலாப்பியா ஆண் அடித்தரையில் குழி தோண்டும். முட்டைகளைப் பெண் வாயிலே அள்ளிக்கொண்டு, குஞ்சுகள் தானாக நீந்தும்வரை சுமக்கும். நீர்மட்டம் ஏறி இறங்கும் பாசனக் குளத்தில் எது வசதி? கல்லில் ஒட்டிய முட்டை நீர் வற்றினால் காயும். வாயிலுள்ள முட்டை தாயோடு ஆழத்துக்குப் போகும்.

குளமே புதியது என்பதைத்தான் நாம் மறந்துவிடுகிறோம். வெள்ளச் சமவெளி வில்லுகள் நீங்கலாக, இலங்கையின் உள்நாட்டில் இயற்கை ஏரி இல்லை. ஆற்று மீன்களுக்கு விரிந்த தேங்குநீர் பழக்கமில்லை. சேனாநாயக்க சமுத்திரத்தை உருவாக்கிய கல்லோயா அபிவிருத்திச் சபை அமைந்தது 1949இல். அணையும் திலாப்பியாவின் வருகையும் 1950களின் தொடக்கத்தோடு சேர்ந்தவை. நீரும் மீனும் ஏறத்தாழ ஒரு வயது. செத்தலும் வாவியோடு நின்றுவிடவில்லை. பராக்கிரம சமுத்திரம் போன்ற உள்நாட்டுக் குளங்களில் அதுவும் குடியேறியதுதான். சிங்கப்பூர்க் கழிமுகங்களில் இன்று அது அயல் மீன்.

இதனால் திலாப்பியா குற்றமற்றதாகிவிடாது. உலகின் மோசமான நூறு ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் அதற்கு இடமுண்டு. அதே மீன் தன் ஆபிரிக்கத் தாயகத்து ஆறுகளில், வெளியிலிருந்து கொண்டு விடப்பட்ட நைல் திலாப்பியாவோடு கலந்து தன் இனத்தூய்மை இழந்து, அழிவை எதிர்நோக்கும் பட்டியலிலும் ஏறியிருக்கிறது.