பொத்தேரிப் பூண்டும் நீலகிரிப் பூவும்

பொத்தேரி ரயில் நிலையத்தை ஒட்டிய காலி மனைகளிலும் ஜி.எஸ்.டி. சாலையோரத்திலும் ஆண்டு முழுக்கப் பூத்திருப்பது வெட்டுக்காயப்பூண்டு. தாத்தாப்பூ என்றும் சொல்வார்கள். நீலகிரியில் 2,000 மீட்டருக்கு மேல், உயர்மலைப் புல்வெளிகளில் வளர்வது அனபாலிஸ் நீல்கெரியானா. இரண்டும் டெய்சியும் சூரியகாந்தியும் அடங்கிய ஒரே குடும்பம். இரண்டிலும் ஒரு பூவாகத் தெரிவது பல சின்னஞ்சிறு பூக்களின் திரள்.

பூண்டின் மஞ்சள் நடுவைச் சுற்றி நிற்கும் வெள்ளை இதழ்கள் ஓரப்பூக்களுக்கு உரியவை. நுனி மூன்றாகப் பிளந்திருக்கும். மலைச்செடியில் வெள்ளையாகத் தெரிபவையோ பூத்திரளைச் சூழ்ந்த உலர்ந்த செதில்கள். பறித்து வைத்தாலும் நெடுநாள் உருக்குலையாது.

வாழும் இடத்தை உடலே சொல்லிவிடுகிறது. பூண்டு தரையோடு படர்ந்து கணுவில் வேர்விடும். மிதித்தாலும் வெட்டினாலும் தழைக்கும். மலையில் பகலில் புற ஊதாக் கதிர் கடுமை, டிசம்பர், ஜனவரி இரவுகளில் உறைபனி, போதாக்குறைக்குக் காற்று. ஆகவே அங்குள்ள செடி தண்டிலும் சிற்றிலைகளிலும் கம்பளி போர்த்தியதுபோல் வெண்ரோமம் பூண்டிருக்கிறது.

இரண்டின் விதைகளும் மயிரிழைகளின் துணையால் காற்றில் பறப்பவை. ஆனால் வெப்பமண்டல அமெரிக்காவில் தோன்றிய பூண்டு உலகின் வெப்ப நாடுகளெங்கும் பரவிவிட்டது; அனபாலிஸ் மேற்குத் தொடர்ச்சி மலையின் உயரங்களை விட்டு இறங்கவே இல்லை. பறப்பது மட்டும் போதாது, விழுந்த மண்ணும் ஒத்துவர வேண்டும். பூண்டுக்குக் கிளறிய மண் போதும். பொத்தேரியில் மனை பிரிக்கப் பிரிக்க அது கிடைத்துக்கொண்டே இருக்கிறது. அனபாலிஸுக்குக் குளிரும் மரநிழல் விழாத திறந்தவெளியும் வேண்டும்.

அந்த வெளிதான் சுருங்கிவிட்டது. 19ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) சீகை மரமும் (வாட்டில்), கூடவே தேயிலையும், புல்வெளிகளைப் பெருமளவு விழுங்கின. உறைபனி நம் சோலைமரக் கன்றுகளைப் புல்வெளிக்குள் வளரவிடாமல் தடுத்துவந்தது. சீகை அந்தத் தடையையும் தாண்டிப் பெருகியது.

பொத்தேரிச் சாலையோரத்தில் மரம் நட்டால் நிழல். தாத்தாப்பூவுக்குப் பெரிய நஷ்டமில்லை, அடுத்த மனைக்குப் போய்விடும். மலைப் புல்வெளியில் மரம் நட்டால் அனபாலிஸுக்குப் போக்கிடம் இல்லை. அந்தப் புல்வெளி தரிசு நிலம் அன்று. அங்கே செய்ய வேண்டிய பசுமைப் பணி, அந்நிய மரங்களை அகற்றிப் புல்லை மீட்பதே.