சைக்கிள் கொட்டகையும் ஹிந்த் மோட்டார் நிலையமும்

ஹௌராவிலிருந்து பர்த்துவான் செல்லும் மெயின் லைனில், உத்தரபாராவுக்கும் கோன்னகருக்கும் இடையே ‘ஹிந்த் மோட்டார்’ என்றொரு நிலையம் உண்டு. ஊரின் பெயரையோ தெய்வத்தின் பெயரையோ தாங்காது, ஒரு தொழிற்சாலையின் பெயரைத் தாங்கி நிற்பது அது. இரயில்வேயில் ஊழியம் புரியும் நமக்கு நிலையப் பெயர்களின்பால் ஒரு பற்று உண்டாவது இயல்பே. இப்பெயரின் வேரைத் தேடிச் சென்றால், அது கடல் கடந்து ஆக்ஸ்போர்டு நகரத்துச் சிறு கொட்டகை ஒன்றில் நம்மைக் கொண்டு சேர்க்கிறது.

வில்லியம் மாரிஸ் 1877-ஆம் ஆண்டு பிறந்தவர். பதினைந்து வயதிலேயே பள்ளிப் படிப்பு நின்றது. சைக்கிள் கடையொன்றில் வேலைக்கமர்ந்து, ஊதிய உயர்வு கேட்டார், கிடைக்கவில்லை. நான்கு பவுன் முதலுடன் பெற்றோரின் வீட்டுப் புறத்தே சைக்கிள் பழுது பார்க்கத் தொடங்கினார். சைக்கிளிலிருந்து மோட்டார் சைக்கிள், அதிலிருந்து மோட்டார் என்று படிப்படியாக ஏறி, 1912-இல் மோட்டார்த் தொழிலை நிறுவினார். கார் உருவாகுமுன், வரைபடங்களை மட்டுமே பார்த்து இலண்டன் வியாபாரி ஒருவர் 400 வண்டிகளுக்கு ஆர்டர் கொடுத்தாராம்! 1913-இல் முதல் ‘மாரிஸ் ஆக்ஸ்போர்டு’ வெளிவந்தது. இஞ்சின், அச்சு முதலியவற்றைத் தாமே செய்ய முற்படாமல், அவ்வத்துறையில் வல்லவரிடம் வாங்கி, கௌலியில் ஒன்று கூட்டியதே அவர் கையாண்ட முறை.

முதல் உலகப் போருக்குப் பின் வியாபாரம் மந்தமுற்றது. விற்காத வண்டிகள் தேங்கின. அந்நிலையில் பிறர் செய்யத் துணியாததை மாரிஸ் செய்தார். 1921-இல், 525 பவுன் விலையுள்ள காரை 425 பவுனுக்குக் குறைத்தார். ‘இவர் அழிந்தார்’ என்று எண்ணியோர் ஏமாந்தனர். 1920-இல் இரண்டாயிரத்தையும் எட்டாத விற்பனை, 1925-இல் ஐம்பதாயிரத்தைக் கடந்தது. வாங்குவோனின் பையை அறிந்து தன் இலாபத்தைக் குறைத்துக் கொண்டவனிடம் இலாபம் தானே வந்து சேர்ந்தது.

பின்னர் நஃபீல்டு பிரபு என்னும் பட்டம் பெற்ற அவருக்கு மக்கட்பேறு இல்லை. செல்வத்தைக் கல்லூரிக்கும் மருத்துவத்திற்கும் வாரி வழங்கினார். மூச்சுத் திணறும் நோயாளிகளுக்கான ‘இரும்பு நுரையீரல்’ கருவிகளைத் தமது தொழிற்சாலையிலேயே செய்வித்து, ஆயிரத்துக்கு மேற்பட்டவற்றை மருத்துவமனைகளுக்கு இலவசமாக அனுப்பினார். 1963-இல் மறைந்தார்.

அவருடைய கார் நம் நாட்டிற்கு வந்த கதை வேறு. 1942-இல் பிர்லா குடும்பத்தார் தொடங்கிய ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், குஜராத்தின் ஓகா துறைமுகத்திலிருந்து உத்தரபாராவுக்கு இடம் மாறியது. மாரிஸ் ஆக்ஸ்போர்டின் மூன்றாம் வரிசையைத் தழுவி, 1950-களின் இறுதியில் ‘அம்பாஸடர்’ பிறந்தது. மந்திரியின் பவனிக்கும், கல்கத்தா டாக்ஸிக்கும், கலியாண ஊர்வலத்திற்கும் அதுவே வாகனம். குழந்தை குட்டிகளுடன் ஒரு குடும்பமே அதில் அடங்கும். எந்த ஊர் மெக்கானிக்கும் அதைப் பழுது பார்ப்பான்.

ஆயினும் ஒரு குறையைச் சொல்லாதிருத்தல் நேர்மையாகாது. அயல்நாட்டுக் கார்கள் உள்ளே வரத் தடை இருந்த காலத்தில், வாங்குவோரே வரிசையில் காத்து நின்றனர். போட்டியில்லாத இடத்தில் மாற்றத்திற்கு அவசரமில்லை. உருவம் பெரிதும் மாறாமலே ஆண்டுகள் ஓடின. 1983-இல் மாருதி வந்தது, சந்தை கைமாறியது. 2014 மே மாதத்தில் உத்தரபாராவில் உற்பத்தி நின்றது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர் குடும்பங்களின் அடுப்பு அன்று கலங்கியது.

மாரிஸ் என்னும் பெயரும் 1984-க்குப் பின் புதுக் கார்களில் இல்லை. எனினும் கௌலியில் இன்றும் வேறு பெயரில் கார்கள் உற்பத்தியாகின்றன. ஹிந்த் மோட்டாரிலோ நிலையம் மட்டும் நிற்கிறது. புறநகர் வண்டிகள் நின்று செல்கின்றன.

பிழைப்பைத் தேடிச் சொந்த ஊரை விட்டு வந்த நமக்கு இவ்வரலாறு அயலார் கதையன்று. ஓர் ஆலையின் சங்கொலியை நம்பியே எத்தனையோ காலனிகள் எழுந்துள்ளன. தொழில் தளரும்போது முதலில் வருந்துவது முதலாளியின் பெயரல்ல, தொழிலாளியின் இல்லமே. ஆதலின் நம் பிள்ளைகளுக்கு உத்தியோகத்தை மட்டும் காட்டாது, காலத்திற்கேற்ப மாறும் கைத்திறனையும் கற்பிப்போமாக. நான்கு பவுன் முதலில் தொடங்கிய அந்தச் சைக்கிள் கொட்டகை நமக்குச் சொல்லும் செய்தி இதுவே.