முகாமுக்குப் போய் வீடு திரும்பாத பிள்ளைகள்

இலங்கையில் சாரணர் இயக்கம் 1912 ஆம் ஆண்டில் மாத்தளையில் தொடங்கியது. எஃப். ஜி. ஸ்டீவன்ஸ் என்பவர் அங்குள்ள கிறிஸ்து தேவாலயக் கல்லூரியில் முதலாவது குழுவை அமைத்தார். சாரணீயம் பற்றி நம்மவர் எழுதும் கட்டுரைகளில் இந்த ஆண்டு தவறாமல் இடம்பெறும். ஆனால் அதே ஆண்டில், சாரணீயம் பிறந்த மண்ணிலேயே நிகழ்ந்த ஒரு பெருந்துயரை எவரும் குறிப்பிடுவதில்லை. மேடைகளில் சொல்வதற்கு அது உகந்த கதையல்ல என்பது காரணமாயிருக்கலாம்.

தென் இலண்டனிலுள்ள வோல்வேர்த் அந்நாளில் உழைக்கும் ஏழை மக்கள் நெருங்கி வாழ்ந்த பகுதி. அப்பகுதிச் சாரணச் சிறுவர்கள் 1912 ஓகஸ்ட் மாதம் கோடைகால முகாமுக்காக தேம்ஸ் நதி வழியே பாய்மரப் படகொன்றில் ஷெப்பித் தீவுக்குப் புறப்பட்டனர். ஓகஸ்ட் 4 ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, லேஸ்டவுண் கரையை அண்மித்த வேளையில் திடீரெனக் கிளம்பிய சூறைக்காற்று படகைக் கவிழ்த்தது. ஒன்பது சிறுவர்கள் மாண்டனர். அப்போது கடற்படை அமைச்சராயிருந்த வின்ஸ்ரன் சேர்ச்சில், உடல்களை இலண்டனுக்குக் கொண்டுவருவதற்கு நாசகாரிக் கப்பல் ஒன்றையே அனுப்பினார். நன்ஹெட் மயானத்தில் அவர்கள் அடக்கம் செய்யப்பட்டபோது வீதியெங்கும் சனவெள்ளம். கல்லறையில் ஒரு சாரணச் சிறுவனின் வெண்கலச் சிலையை நிறுத்தினார்கள். 1969 இல் உலோகத் திருடர்கள் அச்சிலையையும் கொண்டுபோய்விட்டனர்.

இச்சம்பவத்தைப் பற்றி வாசித்தபோது என் மனதில் தைத்தது அந்தக் கப்பல்தான். போரில் மாண்ட வீரர்களுக்குரிய மரியாதை அந்த ஏழைச் சிறுவர்களுக்குக் கிடைத்தது. அது பெரிய விடயந்தான். எனினும் அத்தகைய மரியாதைக்கு ஒரு விலையும் உண்டு. வீரமரணம் என்று ஆகிவிட்டால், அதன் பின்னர் "ஏன் நடந்தது?" என்று கேட்பது அநாகரிகமாகிவிடும். வெளிக்களப் பயணத்தில் பிள்ளை இறப்பது கடவுளின் சித்தம், அல்லது இயற்கையின் சீற்றம். இதுவே அக்காலத்தின் எண்ணமாயிருந்தது. இவ்வெண்ணம் மாறுவதற்கு ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் பிடித்தன.

இடையில் ஸ்கொட்லாந்தின் கெயான்கோம் மலைத்தொடரில் ஒரு நிகழ்வு. எடின்பரோ நகரப் பாடசாலை ஒன்றின் மாணவர்கள் 1971 நவம்பர் 20 ஆம் திகதி, சனிக்கிழமை, இரு குழுக்களாகப் பிரிந்து மலையேறினர். இரண்டாவது குழுவில் பதினைந்து வயதையொத்த ஆறு மாணவர்கள். அவர்களை நடத்திச் சென்றவர் இருபது வயதைத் தாண்டியிராத அளவுக்கு இளையவரான பயிற்சி ஆசிரியை. அவருக்குத் துணை, 18 வயதுப் பெண் ஒருவர். காலநிலை கெட்டால் மலையுச்சிச் சமவெளியில் இருந்த சிறிய கற்குடில் ஒன்றில் ஒதுங்கிக்கொள்ளலாம் என்பதே மாற்றுத் திட்டம். முதற் குழு அக்குடிலைச் சென்றடைந்தது. பனிப்புயலில் அகப்பட்ட இரண்டாவது குழுவோ அதைச் சென்றடையவில்லை. திறந்தவெளியில், பனிக்குள், இரண்டு இரவுகள். திங்கட்கிழமை ஹெலிகொப்டரில் தேடியவர்கள், உதவி கேட்டு ஊர்ந்து வந்துகொண்டிருந்த ஆசிரியையைக் கண்டனர். அவரும் ஒரு மாணவனுமே உயிர் தப்பினர். ஐந்து மாணவர்களும் துணைவந்த பெண்ணும் குளிரில் விறைத்து இறந்திருந்தனர்.

அடுத்த ஆண்டு நடந்த விசாரணையில் வெளிவந்தவற்றுள் மிகவும் சாதாரணமானதாகத் தோன்றும் ஒன்றே என்னை அதிகம் உலுக்கியது. பெற்றோரிடம் கையொப்பம் வாங்கிய சம்மதப் படிவத்தில் குளிர்கால மலையேற்றம் என்ற பேச்சே இருக்கவில்லை. தாங்கள் எதற்குச் சம்மதித்தோம் என்பதே அந்தத் தாய் தந்தையருக்குத் தெரியாது. மலையுச்சிக் குடில்கள் பற்றியும் பெரும் வாதம் எழுந்தது. ஆபத்தில் உதவுவதற்கென்று கட்டப்பட்ட குடில், "அங்கு போய்ச் சேர்ந்துவிடலாம்" என்ற நம்பிக்கையை ஊட்டி, திரும்பவேண்டிய நேரத்தில் திரும்பவிடாமல் செய்துவிடுகிறது என்று மலையேறிகளில் ஒரு சாரார் வாதிட்டனர். பனி மூடிவிட்டால் குடிலைக் கண்டுபிடிப்பதே இயலாத காரியம். அவர்களது வாதமே வென்றது. உச்சியிலிருந்த குடில்கள் பின்னர் அகற்றப்பட்டன. பாதுகாப்புக்காக வைத்த பொருளே பாதுகாப்பைக் குலைக்கும் என்ற இந்த உண்மை, இன்று கையிலே கைத்தொலைபேசியைக் கொடுத்துப் பிள்ளைகளைக் காட்டுக்கு அனுப்புவோருக்கும் பொருந்தும்.

இனி லைம் குடாவுக்கு வருகிறேன். 1993 மார்ச் 22 ஆம் திகதி, தென் இங்கிலாந்தின் லைம் றீஜிஸ் என்ற கரையோர ஊரில், பிளிமத் நகரிலிருந்து வந்த எட்டு மாணவர்களும் அவர்களது ஆசிரியரும் இரண்டு பயிற்றுநர்களுடன் கயாக் எனப்படும் சிறு துடுப்புப் படகுகளில் புறப்பட்டனர். செல்லவேண்டிய இடம் சார்மத். கரையோரமாகச் சுமார் 3 கிலோமீற்றர் தூரம். மதிய உணவுக்கு முன் அங்கு சேர்ந்துவிடலாம் என்று கணித்திருந்தனர்.

கடற்கரையில் வாழ்ந்த நமக்கு ஒன்று தெரியும். காற்று தரையிலிருந்து கடலை நோக்கி வீசும் நாளில் கரையோரத் தண்ணீர் சாதுவாகவே தோன்றும். மேட்டுநிலம் காற்றை மறைத்து நிற்கும். நூறு பாகம் தள்ளிப் போனபின்புதான் அதன் வலு தெரியும். அப்போது திரும்பி வலிக்க முடியாது. அன்றைய காற்று அத்தகையது. முதலில் ஆசிரியரின் படகு மீண்டும் மீண்டும் கவிழ்ந்தது. ஒரு பயிற்றுநர் அவருடன் தங்கிவிட, மற்றவர் எட்டுப் பிள்ளைகளின் படகுகளையும் ஒன்றாகச் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். காற்று அவர்களை அப்படியே வெளிக்கடலுக்கு இழுத்துச் சென்றது. அலைகளில் படகுகள் ஒவ்வொன்றாகக் கவிழ்ந்தன. தீப்பந்த வாணமும் இல்லை, வானொலித் தொடர்புக் கருவியும் இல்லை. பயிற்றுநர்களிடம் இருந்ததோ ஆரம்பநிலைத் தகைமை மாத்திரமே. மதியம் வரவேண்டியவர்கள் வரவில்லை என்று கரையோரக் காவற்படைக்கு அறிவிக்கப்பட்டபோது நேரம் பிற்பகல் மூன்றரையை அண்மித்திருந்தது. மார்ச் மாதத்துக் கடல்நீரில் மணிக்கணக்காகக் கிடந்தவர்களை மாலையில் ஹெலிகொப்டர்கள் தூக்கியெடுத்தன. நான்கு மாணவர்கள் இறந்துபோயினர்.

இங்கே கதை 1912 ஐப் போல முடியவில்லை. காரணம் ஒரு கடிதம். முந்திய ஆண்டில் அந்த நிலையத்தில் பணிபுரிந்த இரு பயிற்றுநர்கள், அங்குள்ள பாதுகாப்புக் குறைபாடுகளைச் சகிக்கமாட்டாமல் வேலையை விட்டு விலகியிருந்தனர். விலகியதோடு நில்லாமல், இப்படியே போனால் ஒருநாள் எவரோ ஒருவரின் பிள்ளை ஏன் வீடு திரும்பவில்லை என்று விளக்கமளிக்க நேரும் என்ற கருத்தில் நிர்வாக இயக்குநருக்கு எழுத்தில் எச்சரித்துமிருந்தனர். கடிதம் கோப்புக்குள் போயிற்று. 1994 டிசம்பரில் வின்செஸ்டர் நீதிமன்றத்தில் அதே கடிதம் சான்றாக வந்து நின்றது. நிர்வாக இயக்குநருக்கு மூன்றாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. மேன்முறையீட்டில் அது இரண்டாண்டாகக் குறைக்கப்பட்டது. நிறுவனத்துக்கு 60,000 பவுண் தண்டம். கொலையாகாத மனிதப் படுகொலைக் குற்றத்துக்காக ஒரு கம்பனி குற்றவாளியாகக் காணப்பட்டது ஆங்கிலேயச் சட்ட வரலாற்றில் அதுவே முதற்தடவை. 1987 இல் சீபுறூக் துறைமுகத்துக்கு அருகே பயணிகள் கப்பல் கவிழ்ந்து ஏறத்தாழ 190 பேர் மாண்ட வழக்கிலே சாத்தியப்படாதது, இந்தச் சிறிய கம்பனியின் விடயத்தில் சாத்தியமாயிற்று. பெரிய நிறுவனத்தில் தவறு பல மேசைகளிற் பிரிந்து கிடக்கும். சிறிய நிறுவனத்தில் ஒரே மேசை. நீதி எளிதாகக் கிடைத்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்பதை மறைப்பதற்கில்லை.

தீர்ப்புடன் பெற்றோர் ஓயவில்லை. பிளிமத் பகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் டேவிட் ஜேமிசன் கொண்டுவந்த தனிநபர் பிரேரணை 1995 இல் சட்டமாயிற்று. மலையேற்றம், குகைப் பயணம், நீர்விளையாட்டு, நெடுநடை ஆகியவற்றைப் பதினெட்டு வயதுக்குட்பட்டோருக்குக் கட்டணம் பெற்று நடத்துவோர் அனுமதிப்பத்திரம் பெறவேண்டும் என்பது அதன் சாரம். 2010 இல் யங் பிரபு அரசுக்கு அளித்த அறிக்கை, இந்த அனுமதிப்பத்திர முறையை நீக்கிவிடலாம் என்று பரிந்துரைத்தது; ஆயினும் சட்டம் நீக்கப்படவில்லை. ஆனால் அதில் ஒரு விதிவிலக்கு உண்டு. தன் சொந்த மாணவர்களை அழைத்துச் செல்லும் பாடசாலைக்கும், தன் அங்கத்தவர்களை அழைத்துச் செல்லும் தொண்டர் அமைப்புக்கும் அனுமதிப்பத்திரம் வேண்டியதில்லை. கெயான்கோமில் இறந்தவர்களை அழைத்துச் சென்றது பாடசாலை. லேஸ்டவுணில் மாண்டவர்களை அழைத்துச் சென்றது தொண்டர் அமைப்பு.

நான் பத்திரிகையில் சேர்ந்த காலத்தில், சுற்றுலா சென்ற மாணவர் நீரில் மூழ்கி இறந்தால் அது உள்பக்கத்தில் நான்கு வரிச் செய்தி. அழைத்துச் சென்றவர் யார், நீந்தத் தெரிந்தவர் எத்தனை பேர், ஆழம் தெரிந்த ஊரவர் எவரிடமாவது கேட்டார்களா என்று நாங்கள் விசாரிப்பதில்லை. அப்படி விசாரிப்பது இறந்த வீட்டில் வழக்காடுவது போன்றது என்றே செய்தி ஆசிரியர்கள் கருதினர். மறுவாரம் அஞ்சலிக் கவிதை வரும்.

இன்று இலண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் நம் வீடுகளுக்குப் பாடசாலையிலிருந்து சம்மதப் படிவங்கள் வருகின்றன. எடின்பரோ கோமகன் விருதுக்கான நடைப்பயணங்களில் நான்கு முதல் ஏழு பேர் கொண்ட குழுக்களாக நம் பிள்ளைகளும் மலைகளுக்குப் போகின்றனர். பொறுப்பானவர் கூடவே நடக்காமல் தொலைவிலிருந்து கண்காணிப்பார். இது நல்ல பயிற்சி. போகவிடாமல் தடுக்கும் பெற்றோருடன் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் எத்தனையோ வீடுகளில் அந்தப் படிவத்தைத் தாய்க்கும் தந்தைக்கும் வாசித்து விளக்குவது போகப்போகும் பிள்ளையேதான். போகத் துடிக்கும் பிள்ளை, "குறித்த நேரத்துக்கு வந்து சேராவிட்டால் யார், எத்தனை மணிக்கு, யாருக்கு அறிவிப்பார்?" என்ற கேள்வி படிவத்தில் இருக்கிறதா என்று தேடிப் பார்க்கமாட்டாது.