கோல்ப்: குழிக்கு அருகில் தொலையும் அடிகள்

கோல்ப் பழகத் தொடங்குபவர்கள் தூர அடிக்கே மணிக்கணக்காகப் பயிற்சி எடுப்பார்கள். கணக்கு வேறு சொல்கிறது. 18 குழிகளுக்கு 'பார்' 72 என்றால், குழிக்கு இரண்டு வீதம் 36 அடிகள் கிரீனில் பந்தைத் தட்டுவதற்கென்றே ஒதுக்கப்பட்டவை. 250 யார் பறந்த அடியும் ஒன்று. அரை மீற்றரில் தவறிய தட்டும் ஒன்று. புள்ளி அட்டையில் தூரத்துக்குத் தனி நிரல் கிடையாது.

குழியின் விட்டம் 108 மில்லிமீற்றர். மூன்று மீற்றரிலிருந்து நேராகத் தட்டும்போது பந்து ஒரு பாகை விலகினால், குழியடியில் 5.2 சென்ரிமீற்றர் தள்ளிப் போகும். குழியின் பாதி அகலமே 5.4 தான். ஆறு மீற்றரில் அதே ஒரு பாகை பந்தை வெளியே விட்டுவிடும். பந்து புறப்படும் திசையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது, தொடும் கணத்தில் மட்டையின் முகம் பார்க்கும் திசைதான். ஆகவே பிடியை இறுக்காதீர்கள். மணிக்கட்டு மடியாமல் தோள்கள் ஊசல்போல ஆடட்டும். பந்து போனபின்னும் தலை நிமிர வேண்டாம். (எனக்கு இன்றும் இதுதான் கஷ்டம்.)

பத்து மீற்றருக்கு மேல் வேகமே முக்கியம். பலத்தைக் கூட்டாமல், அதே தாளத்தில் மட்டையைக் கூடுதலாகப் பின்னே கொண்டுபோங்கள். முதல் தட்டு குழியருகே நின்றால் மூன்றாவது தட்டு மிச்சம்.

இதற்கு வாளிக் கணக்கில் பந்து வாங்கத் தேவையில்லை. பனிக்காலத்தில் வீட்டுக் கம்பளமே போதும். பந்துக்கு 50 சென்ரிமீற்றர் முன்னால் இரண்டு தேநீர்க் கோப்பைகளை 6 சென்ரிமீற்றர் இடைவெளியில் வையுங்கள். பந்தின் விட்டம் ஏறத்தாழ 4.3 சென்ரிமீற்றர். நடுவிலிருந்து நேராகத் தட்டிய பந்து கோப்பையில் படாமல் போனால், உங்கள் பிழை ஒரு பாகைக்குள்.