கிருஷ்ணம்மநாயக்கன் தோப்பும் ஒரு அட்மிஷன் விண்ணப்பமும்



போன வாரம் காமயகவுண்டன்பட்டியிலிருந்து பழைய மாணவர் ஒருவர் போன் செய்தார். பன்னீர் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கிறார். மகள் அரசுப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு. "சார், பாப்பாவக் கொடைக்கானல்ல இன்டர்நேஷனல் ஸ்கூல்ல சேக்க அப்ளிகேஷன் போடலாம்னு இருக்கேன். தோட்டத்த அடமானம் வச்சாவது படிக்க வைக்கணும். டாக்டராக்கணும் சார்" என்றார். சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. வரலாற்று வாத்தியாரிடம் கேட்டால் வரலாறுதானே வரும்! எல்லாருக்கும் உதவட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

அமெரிக்க மதுரை மிஷன்காரர்கள் 1845இல் கொடைக்கானலில் வீடு கட்டினார்கள். சமவெளியில் காலராவும் காய்ச்சலும் அவர்கள் குடும்பங்களில் பல உயிர்களைக் கொண்டுபோயிருந்தன. உயிர் பிழைக்கத்தான் மலை ஏறினார்கள்.

உடம்புக்கு மலை கிடைத்தது. பிள்ளைகளின் படிப்புக்கு வழியில்லை. கொஞ்சம் வளர்ந்ததும் கப்பலேற்றி அமெரிக்காவுக்கு அனுப்புவார்கள். மறுபடி முகம் பார்க்க வருடக்கணக்கில் ஆகும். இந்தப் பிரிவைத் தாங்க முடியாமல் உருவானதுதான் 1901இல் மார்கரெட் எடி அம்மையார் தொடங்கிய ஹைகிளர்க் பள்ளி. முதலில் வந்தவர்கள் 13 பிள்ளைகள். அதுவே 1970களில் கொடைக்கானல் இன்டர்நேஷனல் ஸ்கூல் என்று பெயர் மாறியது. 1976இல் இந்தியாவிலேயே முதன்முதலாக ஐ.பி. படிப்பைக் கொண்டுவந்தது. ஜெனீவாவில் 1968இல் பிறந்த படிப்பு அது. வேலை நிமித்தம் நாடு விட்டு நாடு மாறும் குடும்பங்களின் பிள்ளைகளுக்குப் படிப்பு அறுந்துபோகக் கூடாது என்பது அதன் நோக்கங்களில் ஒன்று.

இதில் நம் மண்ணுக்கும் பங்கு உண்டு. அந்தக் காலத்தில் அம்மையநாயக்கனூரில் ரயிலை விட்டு இறங்கி, மாட்டு வண்டியில் பெரியகுளம் பக்கம் மலையடிவாரத்திலுள்ள கிருஷ்ணம்மநாயக்கன் தோப்புக்கு வருவார்கள். அங்கிருந்து குதிரைப் பாதை. பெண்களையும் குழந்தைகளையும் நாற்காலியிலும் டோலியிலும் வைத்துக் கூலியாட்கள் தூக்கிக்கொண்டு ஏறுவார்கள். முதல் உலகப்போர்க் காலத்தில்தான் மோட்டார் சாலை வந்தது. அதுவரை அந்தப் பள்ளிக்குப் போன பிள்ளைகள் கூலியாட்களின் தோளில் ஏறிப் போனார்கள். தூக்கியவர்களின் பிள்ளைகளுக்கு அங்கே இடம் கேட்கலாம் என்ற நினைப்புக்கூட வந்திருக்காது.

இன்று நம் பள்ளத்தாக்கு விவசாயி ஒருவர் மகளுக்காக விண்ணப்பம் போட நினைக்கிறார். இதில் எனக்குப் பெருமைதான். "நமக்கெதுக்குப்பா அதெல்லாம்" என்று சொல்கிறவன் நானில்லை. ஆனால் தம்பி, கையெழுத்துப் போடும் முன் மூன்று விஷயம்.

ஒன்று, பாப்பா டாக்டராக வேண்டும் என்கிறாய். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீதம் தனி ஒதுக்கீடு உண்டு. 2020இல் வந்த சட்டம். ஆறாம் வகுப்பில் மாற்றினால் அந்த வாசல் அடைபடும். எங்கே படித்தாலும் நீட் எழுதத்தான் வேண்டும்.

இரண்டு, "இன்டர்நேஷனல்" என்று போர்டு வைத்த பள்ளியெல்லாம் ஒன்றல்ல. ஐ.பி.யா, கேம்பிரிட்ஜா, சி.பி.எஸ்.இ.யா என்று கேள். தமிழ் உண்டா என்றும் கேள். ஒரு வருடக் கட்டணத்தைப் பார்க்காதே. பன்னிரண்டாம் வகுப்பு வரை கூட்டிப் பார். திராட்சை விலை ஒவ்வொரு வருடமும் ஒரே மாதிரி இருக்காது.

மூன்று, பாப்பாவைக் கேட்டாயா? பிள்ளையைப் பிரிய முடியாத பெற்றோருக்காகத் தொடங்கிய பள்ளி அது. நீயோ பத்து வயதுப் பிள்ளையைப் பிரிந்து அனுப்பப் பார்க்கிறாய். அவளுக்கும் சம்மதமென்றால் தாராளமாக விண்ணப்பம் போடு. ஆனால் தோட்டம் மட்டும் அடமானத்துக்குப் போக வேண்டாம். விடுமுறைக்கு வரும் பிள்ளைக்கு வீடும் தோட்டமும் இருக்க வேண்டும்.

முடிவு உன்னுடையது. எதுவானாலும் சாரிடம் சொல்.