விடுகைப் பத்திரம்

  கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது பொறுமையாகப் படியுங்கள்.

இப்போதெல்லாம் மாதம் ஒருவராவது போன் பண்ணி, "டீச்சர், விசா வந்திருச்சு, குடும்பத்தோட கிளம்புறோம்" என்று சொல்கிறீர்கள். கனடா, ஜெர்மனி, ஆஸ்திரேலியா என்று ஆளுக்கொரு திசை. சந்தோஷம்தான். அடுத்த வாக்கியம் எல்லாருக்கும் ஒன்றுதான்: "பிள்ளைங்க அங்க எப்படிப் பழகுவாங்கன்னுதான் கவலை டீச்சர்."

போன வாரம் அப்படி ஒரு போன். பேசியது என்னுடைய ஆரம்ப கால மாணவி. இப்போது அவளுக்கே ஐம்பது தாண்டிவிட்டது. அவள் மகள் இரண்டு பிள்ளைகளோடு வெளிநாடு போகிறாள். "நம்ம கதைய எழுதுங்க டீச்சர், பேரு மட்டும் போடாதீங்க" என்று அவளே சொன்னதால்தான் இதை எழுதுகிறேன். அந்தக் கதையில் நான் செய்த தப்பும் ஒன்று இருக்கிறது.

முதலில் வரலாற்றைச் சொல்லிவிடுகிறேன். உங்களில் பாதிப் பேருக்கு இது உங்கள் வீட்டு வரலாறு. ஆனால் நம் வகுப்பில் இதை யாரும் பாடமாக நடத்தியதில்லை.

ஆங்கிலேயர் காலத்தில், 1820களில் தொடங்கி, நம் தென் மாவட்டங்களிலிருந்தும் திருச்சி, புதுக்கோட்டை, சேலம் பக்கமிருந்தும் இலங்கையின் மலைகளுக்குக் கூலி வேலைக்கு ஆட்கள் போனார்கள். முதலில் காபித் தோட்டம். 1869க்குப் பிறகு இலை நோய் வந்து காபி அழிந்தது. அந்த இடத்தில் தேயிலை வந்தது. கங்காணி ஊருக்கு வந்து முன்பணம் கொடுத்து ஆள் சேர்ப்பார். தோணியில் மன்னார் கரை போய், அங்கிருந்து காட்டு வழியாக மலைக்கு நடை. பசியிலும் காய்ச்சலிலும் வழியிலேயே இறந்தவர்கள் ஏராளம். 1914ல் தலைமன்னாருக்கு ரயில் வந்தது.

அப்படிப் போனவர்கள் நாலு தலைமுறை அங்கேயே பிறந்து, அங்கேயே கொழுந்து பறித்து, அங்கேயே மண்ணானார்கள். 1948ல் இலங்கை சுதந்திரம் அடைந்தது. அதே ஆண்டு வந்த குடியுரிமைச் சட்டம் இந்த மக்களில் பெரும்பாலோரை எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்கள் ஆக்கிவிட்டது. வாக்குரிமையும் போயிற்று.

1964 அக்டோபர் 30 அன்று பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் டெல்லியில் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். நாடற்றவர்கள் என்று கணக்கிடப்பட்டவர்கள் 9,75,000 பேர். அதில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்ளும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுக்கும். மீதி 1,50,000 பேர் விஷயத்தைப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்றார்கள். 1974ல் இந்திரா காந்தி காலத்தில் அதையும் ஆளுக்கு 75,000 என்று பாதியாகப் பிரித்தார்கள். இங்கே ஏழு பேர் போனால் அங்கே நாலு பேருக்குக் குடியுரிமை என்று ஒரு விகிதமும் வைத்திருந்தார்கள். எந்தத் தோட்டத்து லயத்துக்கும் போய் "உனக்கு எது ஊர்?" என்று ஒருவரையும் கேட்கவில்லை.

நான் ஆசிரியப் பயிற்சி முடித்து நீலகிரியில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது இந்த மக்கள் வந்துகொண்டே இருந்தார்கள். அரசு ஆவணத்தில் அவர்கள் 'தாயகம் திரும்பியோர்'. அவர்களுக்காகவே 1968ல் அரசு தேயிலைத் திட்டம் தொடங்கியது. அதுதான் பிறகு டான்டீ ஆயிற்று. கோத்தகிரி, குன்னூர், பந்தலூர், சேரம்பாடி என்று காட்டைத் திருத்தித் தேயிலை நட்டவர்கள் அவர்கள்தான். 1969ல் தாயகம் திரும்பியோருக்காக ரெப்கோ வங்கி வந்தது. எல்லாருக்கும் தோட்டம் கிடைக்கவில்லை. சிலருக்கு ஐயாயிரம் ரூபாய் தொழில் கடன் என்று எழுதிக் கொடுத்தார்கள். கொழுந்து மட்டுமே பறித்துப் பழகியவர் கையில் கடை வைக்கக் காசு! இடையில் புகுந்த தரகர்கள் பாதியைத் தின்றார்கள். கடைசியில் கொடைக்கானல் பக்கம் மரம் வெட்டும் காடுகளில் கொத்தடிமையாகச் சிக்கிய குடும்பங்களும் உண்டு.

அவர்கள் எப்படிக் கிளம்பினார்கள் என்பதைப் பெற்றோர் கூட்டத்துக்கு வந்த தாய்மார்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். மனு போட்டுவிட்டு வருஷக்கணக்கில் காத்திருப்பார்களாம். பாஸ்போர்ட் வரும். அதற்காகக் குடும்பமே வரிசையாக நின்று போட்டோ எடுப்பது, பல வீட்டில் அதுதான் முதல் போட்டோ. சேமலாப நிதிப் பணத்துக்கு அலைவது. மாட்டை விற்பது. லயத்துக்குப் பின்னால் போட்ட காய்கறித் தோட்டத்தை அடுத்த வீட்டுக்குக் கொடுப்பது. டிரங்குப் பெட்டியில் துணி, கம்பளி, சாமி படம். ஒரு அம்மா தன் கொழுந்துக் கூடையையும் கொண்டுவந்திருந்தார். "புதுக் கூடைன்னா தோள் பழக ஆறு மாசமாகும் டீச்சர்" என்றார்.

தலைமன்னார் போகும் அந்த ரயிலுக்கு 'அழுகைக் கோச்சி' என்றே பெயர். மலையகத்தில் ரயிலைக் கோச்சி என்பார்கள். ஒரே வீட்டில் அப்பா அம்மாவுக்கு இந்தியா, மனு தனியாகப் போட்ட மூத்த மகனுக்கு இலங்கை என்று பிரிந்த குடும்பங்கள் எத்தனையோ. மேடையில் நின்றவர்களும் பெட்டியில் இருந்தவர்களும் ஒரே குரலில் அழுவார்களாம். அப்புறம் இராமானுஜம் கப்பல், இராமேஸ்வரம், மண்டபம் முகாம், அங்கிருந்து லாரியிலோ ரயிலிலோ கையில் ஒரு குடும்ப அட்டையோடு புது ஊர்.

பெரியவர்களுக்குச் சேர வேண்டியது என்ன என்று அட்டையில் எழுதியிருந்தது. வேலை, கடன், வீடு. பிள்ளைகள் பற்றி அதில் இருந்தது பெயரும் வயதும்தான்.

இனி என் தப்பு.

1982, காலாண்டுப் பரீட்சை முடிந்த நேரம். நல்ல மழை. ஒரு அப்பா தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஒன்பது வயசு இருக்கும். எண்ணெய் வைத்து இழுத்துப் பின்னின ரெட்டை ஜடை. அங்கே பள்ளி ஆண்டு ஜனவரியில் தொடங்கும், இங்கே ஜூனில். ஆகவே அவள் அங்கேயும் பாதி, இங்கேயும் பாதி.

"டி.சி. இருக்கா?" என்று கேட்டேன். அவர் விழித்தார். "மாற்றுச் சான்றிதழ்?" என்றேன். "அது எதுவும் தரலைங்க டீச்சர்" என்றார். பிள்ளையிடம் ஆங்கிலப் புத்தகத்தைக் காட்டினேன். எழுத்துக் கூட்டத் தெரியவில்லை. அவள் படித்த தோட்டப் பள்ளியில் ஆங்கிலத்துக்கு ஆசிரியரே இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. தமிழை வாசிக்கச் சொன்னேன். பயத்தில் குரலே எழும்பவில்லை. நோட்டை எடு என்றேன். அவள் மெதுவாக, "கொப்பி இல்ல டீச்சர்" என்றாள். வகுப்பே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இருபத்துநாலு வயசு எனக்கு. அவ்வளவுதான் விவரம்.

நாலாம் வகுப்பு முடிக்கப்போகிற பிள்ளையை இரண்டாம் வகுப்பில் உட்கார வைத்தேன். பிறந்த தேதிக்கு ஆதாரம் கேட்டேன், அவருக்குப் புரியவில்லை. அந்தக் காலத்தில் நாங்கள் செய்யும் வழக்கப்படி ஜூன் 1 என்று போட்டு, இரண்டாம் வகுப்புக்கு ஏற்ற வருஷத்தையும் நானே எழுதினேன். ஒரு நிமிஷ வேலை. பேனா மூடி வைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தேன்.

அடுத்த வருஷம் அவர்கள் வீட்டுக்குப் போகும்படி நேர்ந்தது. அவளுக்கு அம்மை போட்டிருந்தது. பேசிக்கொண்டிருந்தபோது அவள் அம்மா டிரங்குப் பெட்டியைத் திறந்து, பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருந்த ஒரு காகிதத்தை எடுத்துக் காட்டினார். "இது என்னத்துக்கு ஆகும் டீச்சர்? அங்க பள்ளிக்கூடத்து அதிபர் குடுத்தாரு."

மேலே 'விடுகைப் பத்திரம்' என்று அச்சடித்திருந்தது. பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, படித்த வகுப்பு எல்லாம் சுத்தமான தமிழில் இருந்தது. நாம் மாற்றுச் சான்றிதழ் என்பதை அங்கே விடுகைப் பத்திரம் என்கிறார்கள். நாம் தலைமையாசிரியர் என்பவரை அதிபர் என்கிறார்கள். நானும் தமிழில் கேட்டேன், அவரும் தமிழில்தான் பதில் சொன்னார். இருவருக்கும் நடுவில் ஒரு பிள்ளையின் இரண்டு வருஷம் விழுந்துவிட்டது.

உடனே அவளை மேல் வகுப்புக்கு மாற்றப் பார்த்தேன். ஒரு வகுப்புதான் ஏற்ற முடிந்தது. பதிவேட்டில் ஏறிய தேதியை மாற்ற முடியவில்லை. குடும்ப அட்டையில் ஒரு வயசு, பள்ளிச் சான்றிதழில் இன்னொரு வயசு. பத்தாவது முடித்த பிறகு ஒவ்வொரு படியிலும் அவள் அதற்கு விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. தாயகம் திரும்பியோர் பிள்ளை என்ற சலுகையில் வரவேண்டிய ஒரு வேலை அதனாலேயே கைநழுவியது. "நீங்க வேணும்னா செஞ்சீங்க டீச்சர்?" என்று இன்றைக்கும் அவள்தான் எனக்குச் சமாதானம் சொல்கிறாள். வேண்டுமென்று செய்யவில்லை. கேட்கத் தெரியாமல் செய்தேன்.

அதற்குப் பிறகு என் வகுப்பில் ஒரு வழக்கம் வைத்தேன். உங்களில் பலருக்கு நினைவிருக்கும். கரும்பலகையின் ஓரத்தில் ஒரு கோடு போட்டு, இந்தப் பக்கம் நோட்டு, அந்தப் பக்கம் கொப்பி. இங்கே ஷூ, அங்கே சப்பாத்து. இங்கே பிரெட், அங்கே பாண். இங்கே ரயில், அங்கே கோச்சி. புதிதாக வந்த பிள்ளைதான் எழுந்து நின்று சொல்ல வேண்டும், மற்றவர்கள் எழுதிக்கொள்ள வேண்டும். 'சிலோன்காரி' என்று கூப்பிட்ட பிள்ளைகளே பத்து நாளில் "இன்னிக்கு என்ன வார்த்தை?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். அங்கே 'கள்ளத்தோணி' என்றும் 'தோட்டக்காட்டான்' என்றும் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். இங்கே வந்தும் 'சிலோன்காரங்க' என்றுதான் கேட்டார்கள். தனக்குத் தெரிந்தது ஒன்றை வகுப்புக்குச் சொல்லிக்கொடுத்த அன்றுதான் அந்தப் பிள்ளையின் தலை நிமிரும். இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

1984ல் கப்பல் நின்றது. இந்தியப் பாஸ்போர்ட் கையில் இருந்தும் வரமுடியாமல் ஆயிரக்கணக்கானோர் அங்கேயே நின்றுவிட்டார்கள். அவர்களுக்கு இலங்கைக் குடியுரிமை 2003 சட்டத்தால்தான் கிடைத்தது. அதற்குள் இங்கே வந்தவர்கள் நாலு லட்சத்துக்கும் மேல். அவர்களில் எத்தனை பிள்ளைகளுக்கு எத்தனை ஜூன் 1 எழுதப்பட்டதோ!

சரி, கிளம்புகிறவர்களுக்கு வருகிறேன்.

உங்கள் நிலைமை வேறு. நீங்கள் விரும்பிப் போகிறீர்கள், விமானத்தில் போகிறீர்கள். ஆனாலும் பிள்ளைக்கு அது அழுகைக் கோச்சிதான். அதற்கு விருப்பமா என்று யாரும் கேட்பதில்லை. ஆகவே விசா வந்த அன்றே பிள்ளையிடமும் சொல்லுங்கள். பாட்டியிடமும் பக்கத்து வீட்டுத் தோழனிடமும் முறையாக விடைபெற நேரம் கொடுங்கள். அதன் பெட்டியில் அதுவே எடுத்து வைக்க ஓர் இடம் விடுங்கள். உங்கள் கண்ணுக்குக் குப்பையாகத் தெரியும். அது அந்தக் கொழுந்துக் கூடை மாதிரி.

மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை எல்லாவற்றையும் கைப்பையில் வையுங்கள். எல்லாவற்றிலும் பெயரும் தேதியும் ஒன்றாக இருக்கிறதா என்று இங்கேயே பார்த்துச் சரிசெய்யுங்கள். அங்கே அந்தக் காகிதத்துக்கு என்ன பெயர் என்று முன்கூட்டியே விசாரியுங்கள். "இருக்கா?" என்று கேட்டால் உடனே "இல்லை" என்று சொல்லாதீர்கள். "எதுக்காகக் கேக்கறீங்க?" என்று ஒரு வார்த்தை திருப்பிக் கேளுங்கள். அந்த அப்பா அன்று அதைக் கேட்டிருக்கலாம். ஆனால் நாலு தலைமுறை தொரைக்கு முன்னால் கைகட்டி நின்றவர். மேஜைக்குப் பின்னால் இருந்த நான்தான் கேட்டிருக்க வேண்டும். நீங்கள் படித்தவர்கள், கேளுங்கள்.

முதல் மாதம் பிள்ளை வகுப்பில் வாய் திறக்கவில்லை என்றால் மக்கு என்று நினைக்காதீர்கள். அங்கே உள்ள டீச்சர் அப்படி நினைத்தால் போய்ப் பேசுங்கள். வீட்டில் தமிழை நிறுத்திவிடாதீர்கள். நோட்டும் கொப்பியும் ஒரே பிள்ளையின் பைக்குள் தாராளமாக இருக்கலாம்.

நேற்று அவள் மறுபடி பேசினாள். பேரன் பேத்தியின் சான்றிதழ்களையெல்லாம் வரிசையாக அடுக்கி, நாலு முறை தேதி சரிபார்த்தாளாம். "உங்களால வந்த பழக்கம் டீச்சர்" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். போனை வைத்த பிறகு கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாராவது அந்தக் கப்பலில் வந்தவர்களா? வீட்டில் பழைய குடும்ப அட்டை, பாஸ்போர்ட், விடுகைப் பத்திரம் ஏதாவது இருக்கிறதா? பத்திரமாக வையுங்கள். பிள்ளைகளிடம் எடுத்துக் காட்டி, அது என்ன என்று சொல்லுங்கள்.

வாழ்க வளமுடன்.
அன்புடன்,
உங்கள் பழைய டீச்சர்